நாற்பதைத் தாண்டும் நம் வீட்டுப் பெண்கள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இன்ஜினியருக்கு இந்தத் தலைப்பு எதுக்குப்பா?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் இல்லை. ஆனால் எனக்கு அம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறார், மனைவி இருக்கிறார். இந்த அரங்கில் உட்கார்ந்திருக்கும் சீனியர் அக்காமார்களில் பலர் நாற்பதைத் தாண்டியவர்கள். அவர்கள் உடம்பில் நடக்கும் ஒரு பெரிய மாற்றத்தைப் பற்றி நாம் நாலு வருடம் படித்த படிப்பில் ஒரு வரி கூட இல்லை.

மாதவிடாய் ஒருநாள் சட்டென்று நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி அல்ல. நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே சினைப்பையின் வேலை ஏறி இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். இந்த இடைப்பட்ட காலத்துக்குத்தான் பெரிமெனோபாஸ் என்று பெயர். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. மேலை நாட்டுப் பெண்களுக்கு இது சராசரியாக 51 வயதில் வருகிறது. இந்தியப் பெண்களுக்கு 46, 47லேயே வந்துவிடுகிறது. ஆக, நம் ஊரில் நாற்பதைத் தொட்டதுமே அறிகுறிகள் தொடங்கினால் அதில் ஆச்சரியம் இல்லை.

அறிகுறிகள் என்னென்ன? முதலில் நாள் கணக்கு தவறும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் ஏழு நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் அடிக்கடி வந்தால் மாற்றம் தொடங்கிவிட்டது என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். இரண்டு மாதம் வராமலே போனால் முடிவு நெருங்குகிறது. தூக்கம் கெடும், மூட்டு வலிக்கும், படபடப்பு வரும், மறதி வரும், காரணம் இல்லாமல் கோபமும் அழுகையும் வரும். எல்லோருக்கும் எல்லாமும் வருவதில்லை.

முகத்திலும் கழுத்திலும் குப்பென்று சூடு ஏறுவதை மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். இது நம்ம சப்ஜெக்ட். மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்புக்குத் தெர்மோஸ்டாட் மாதிரி. உடம்புச் சூடு சிறிது கூடினாலும் குறைந்தாலும் சாதாரணமாக அது கண்டுகொள்ளாது. ஈஸ்ட்ரோஜன் தடுமாறும்போது அந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. துளி சூடு ஏறினாலே, "குளிர வை" என்று உத்தரவு போகிறது. தோலில் ரத்தம் பாய்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. காளவாசல் என்றால் செங்கல் சூளை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூளையை உடம்புக்குள் வைத்துக்கொண்டுதான் பல அம்மாக்கள் அடுப்படியில் நிற்கிறார்கள். மதுரை வெயிலில் இது தனியாகத் தெரியாது. மார்கழி விடியற்காலையில் ஃபேன் போடச் சொல்கிறாரே, அப்போது கவனியுங்கள். "உடம்புச் சூடு, மோர் குடி" என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் அக்காவுக்கு 44 வயதில் உதிரப்போக்கு அதிகமானது. ஒரு தனியார் மருத்துவமனையில், "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, கர்ப்பப்பையை எடுத்துரலாம்" என்றார்கள். அக்கா பதற்றப்படவில்லை. பால் கணக்கு எழுதும் காலண்டரில் ஆறு மாதமாகத் தேதிகளைக் குறித்து வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு வேறு ஒரு டாக்டரிடம் போனார். அவர் ரத்தசோகையும் தைராய்டும் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து துணுக்கு எடுத்துச் சோதித்தார். புற்றுநோய் இல்லை என்று உறுதியானபின், ஹார்மோன் வெளியிடும் லூப் ஒன்றைப் பொருத்தினார். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் கர்ப்பப்பையை இழந்தவர்கள். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் நடந்த அறுவைகளைப் பற்றி 2013ல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், இதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் அமல்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிலருக்கு அறுவை கட்டாயம் தேவைதான். ஆனால் அது கடைசி வழியாக இருக்கட்டும். சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் மறுநாளே மெனோபாஸ். எலும்பும் இதயமும் சேர்ந்து பாதிக்கும்.

ஹார்மோன் சிகிச்சை என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. 2002ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டதால் வந்த பயம் அது. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்கு உட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, தொல்லை அதிகமாக இருந்தால், பொதுவாக நன்மையே கூடுதல் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்தவர்களுக்கு இது பொதுவாக ஆகாது; அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன. டாக்டரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலி எலும்புக்குத் தெம்பு. தினம் அரைமணி நடை. இரவில் காபி வேண்டாம். 12 மாதம் முடியும் வரை கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, இடையில் ரத்தம் பட்டாலோ, நின்று ஒரு வருடத்துக்குப் பின் ஒரு சொட்டு தெரிந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனச்சோர்வு நாள்கணக்கில் நீடித்தாலும் அப்படித்தான்.

நண்பர்களே, நாம் எந்த மிஷினுக்கும் லாக் புக் போடுகிறவர்கள். வீட்டில் ஒரு காலண்டரும் பேனாவும் போதும். தேதி, எத்தனை நாள், எவ்வளவு, தூக்கம் எப்படி என்று அவர்களே எழுதட்டும்; டாக்டரிடம் போகும்போது நாம் கூடப் போவோம். தம்பிகளே, அம்மா எரிந்து விழுந்தால், "இவங்களுக்கு வேற வேலை இல்லை" என்று சொல்லாதீர்கள். "தூங்குனீங்களாம்மா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் பாதிப் பாரம் இறங்கும்.