கவிதையைச் சுமந்து திரிந்த நாடு

சோமாலியா என்றதும் நம்மிற் பலருக்கு நினைவில் வருபவை பஞ்சமும் துப்பாக்கியும் கடற்கொள்ளையுமே. அது கவிஞர்களின் நாடு எனப் பெயர்பெற்றது என்பதை அறிந்தவர் சிலரே. அந்தச் சோமாலியாவையே இன்று அறிமுகஞ் செய்ய விழைகின்றேன்.

ஆபிரிக்காவின் கிழக்கே, கொம்பு போல இந்து சமுத்திரத்துள் நீண்டு நிற்கும் நாடு அது. கடற்கரை 3,000 கிலோமீற்றருக்கும் அதிகம். நிலமோ வறண்டது. எத்தியோப்பிய மலைகளில் ஊற்றெடுக்கும் ஜூபா, ஷபெல்லே என்னும் இரண்டு ஆறுகளின் ஓரங்களிலேதான் பயிர்ச்செய்கை செழிக்கிறது. பிற இடங்களில் ஒட்டகமும் ஆடுமே சீவனோபாயம். மழையைத் தேடி அலையும் மேய்ப்பர்கள் அதிக பொருள் சேர்ப்பதில்லை. ஆனால் பாரமில்லாத செல்வம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதுவே கவிதை.

அக்கவிதையின் உயிர் மோனை. நமது செய்யுளில் மோனை அடிக்கு அடி மாறலாம். சோமாலியக் கவிஞனுக்கு அந்தச் சலுகை இல்லை. தொடக்கத்தில் ஓர் ஓசையைத் தெரிந்துகொண்டால், நூறு அடி பாடினும் ஒவ்வோர் அடியிலும் அதே ஓசையில் தொடங்கும் சொல் வரவேண்டும். எழுத்தில்லாத சமூகத்தில் நினைவுக்கு இதுவே துணை. பிறர் பாட்டைச் சொல்பவன் இயற்றியவரின் பெயரைச் சொல்லவேண்டும், சொற்களை மாற்றலாகாது. குலங்களுக்கிடையே பகை மூட்டியதும் கவிதை, அதைத் தணித்ததும் கவிதை. 1899 முதல் 1920 வரை பிரித்தானியரை எதிர்த்துப் போராடிய சயீத் முகம்மது அப்துல்லா ஹசன், அம்மொழியின் பெருங்கவிஞராகவும் விளங்கினார்.

சோமாலியர் வாழ்ந்த நிலம் பிரித்தானியா, இத்தாலி, பிரான்ஸ், எத்தியோப்பியா ஆகியவற்றிடையே கூறுபட்டது. ஒரு பகுதி கென்யாவுடன் சேர்ந்தது. 1960 ஜூலை 1இல் பிரித்தானிய, இத்தாலியப் பகுதிகள் இரண்டும் ஒன்றாகிக் குடியரசாயின. கொடியிலுள்ள நட்சத்திரத்தின் ஐந்து முனைகளும் அந்த ஐந்து கூறுகளையே குறித்தன.

எந்த எழுத்தில் எழுதுவது என்ற சர்ச்சை நீடித்தது. அரபு எழுத்தா, இலத்தீனா, உள்நாட்டில் உருவான ஒஸ்மானியாவா? 1969இல் ஆட்சியைக் கைப்பற்றிய சியாத் பாரே 1972இல் இலத்தீனை அறிவித்தார். 1974இல் மாணவர்கள் மேய்ப்பர்களிடம் சென்று எழுத்தறிவித்தனர். மொழிக்கு எழுத்துத் தந்த அதே அரசு, கவிஞர்களைச் சிறையிலும் அடைத்தது. ஹத்ராவி என்ற கவிஞர் 1973 முதல் 1978 வரை சிறையிருந்தார். ஆயினும் கவிதை அடங்கவில்லை. ஒலிநாடாக்களில் பதிவாகிக் கைமாறிச் சென்றது.

1991இல் அந்த ஆட்சி வீழ்ந்து, நாடு குலப்போரிற் சிதறியது. பெரும்பாலோருக்கு மொழி ஒன்று, மதம் ஒன்று. அப்படியிருந்தும் ஏன் சிதறியது? மொழி மக்களைச் சேர்த்து வைக்கலாம். அதிகாரமும் நிலமும் நீரும் நியாயமாகப் பங்கிடப்படாத இடத்தில், மொழி மட்டும் தனித்து என்ன செய்யும்?

ஹத்ராவி 2003இல் சமாதானம் வேண்டி நாட்டினூடே பயணஞ் செய்தார். 2022இல் காலமானார். ஆயுதந் தாங்கியவர்கள் மலிந்த நாட்டில், சொல்லை மட்டும் நம்பிப் புறப்பட்டார் அந்தக் கவிஞர். சோமாலியாவை நினைக்கும்போது, பஞ்சத்தோடும் துப்பாக்கியோடும் அந்தப் பயணத்தையும் நாம் நினைத்துக்கொள்வோம்.