உறையின் மேல் என்ன எழுதுவது?

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, வீட்டிலிருந்து சிறுதொழில் செய்யும் பழைய மாணவிகளுக்காக நடந்த அமர்வில் ஆற்றிய உரை)



கடிதவுறையைப் பற்றிப் பேச ஒரு டொக்டரை ஏன் கூப்பிட்டார்கள் என்று சிலர் யோசிப்பீர்கள். எங்கள் கையெழுத்தைப் பார்த்தவர்கள் இன்னும் கூடுதலாக யோசிப்பீர்கள். காரணம் இருக்கிறது.

என்னோடு உயர்தரம் படித்த தோழி ஒருத்தி வீட்டில் தையல் இயந்திரம் வைத்துத் தொழில் செய்கிறாள். புற்றுநோயால் மார்பகம் அகற்றப்பட்ட பெண்கள் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ளும் பஞ்சுத் திண்டுகளையும், அவற்றுக்கேற்ற உள்ளாடைகளையும் தைக்கிறாள். சத்திரசிகிச்சை முடிந்து முதல் ஆறு, எட்டு வாரங்களுக்குக் காயத்தின் மேல் பாரம் இருக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு இலேசான பஞ்சுதான் பொருத்தம். சிலிக்கன் அதற்குப் பிறகுதான். அதன் விலையும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே என்னிடம் வரும் நோயாளிகளுக்கு அவளுடைய தொலைபேசி இலக்கத்தைக் கொடுப்பேன். தெல்லிப்பழையிலோ மகரகமவிலோ சிகிச்சை பெற்று வீடு திரும்பிய பெண்கள் மன்னாரிலிருந்தும் மூதூரிலிருந்தும் கேட்கிறார்கள். பொருள் தபாலில்தான் போகிறது.

தொழில் கொஞ்சம் வளர்ந்ததும், பெயர் அச்சடித்த உறை வேண்டுமென்று ஓர் அச்சகத்துக்குப் போனாள். அழகான மாதிரி ஒன்றைக் கீறிக் கொடுத்தார்கள். இளஞ்சிவப்பு நாடா, தொழிலின் பெயர், அதன் கீழே மார்பகப் புற்றுநோயை வென்ற பெண்களுக்காக என்று ஒரு வரி. ஆயிரம் அடித்தால் விலை குறையும் என்றும் சொன்னார்கள். அவள் அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள்.

மிளகாய்த்தூளோ பனங்கட்டியோ விற்பவருக்கு அது நல்ல யோசனை. பெயரை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் தகும். இந்தப் பொருளுக்கு அது சரிவராது. உரியவர் காண முன்னரே தபாலகத்தில் காண்பார்கள், தபாற்காரர் காண்பார், படலையில் நிற்கும் மாமியார் காண்பார். வீட்டில் ஆள் இல்லையென்று பக்கத்து வீட்டில் கொடுத்தால் அவர்களும் காண்பார்கள். எங்கள் ஊர்களில் இந்த நோயை வெளியில் சொல்லாமல் வைத்திருக்கும் பெண்கள் பலர். மகளுக்குக் கலியாணம் பேசுகிறோம், ஒருவருக்கும் தெரிய வேண்டாம் டொக்டர் என்று கையைப் பிடித்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மறைப்பது சரியா பிழையா என்பது வேறு கதை. அதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பெண்ணுடையது.

அவள் இப்போது பாவிப்பது எழுத்தில்லாத மண்ணிற உறை. சீ4 அளவு, அதாவது 229க்கு 324 மில்லிமீற்றர். பஞ்சு அமர்ந்து போனாலும் உதறினால் பழையபடி வரும். பாவிக்கும் முறையையும் பற்றுச்சீட்டையும் உள்ளே தனியாக ஒரு சிறிய உறையில் வைக்கிறாள். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் டீஎல் உறைக்குள் போகும், நான்காக மடித்தால் சீ6 உறைக்குள் போகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதையே வாங்குங்கள், செலவு மிஞ்சும். அழகான நாடாவும் நிறமும் அந்த உள்ளுறையில் இருக்கலாம். அதைத் திறப்பவர் ஒருவர்தான்.

வெளியுறையின் இடது மேல் மூலையில் அவளுடைய பெயரும் வீட்டு விலாசமும் றப்பர் முத்திரையாகக் குத்தப்படுகின்றன. தொழிலின் பெயர் இல்லை. அனுப்புபவர் விலாசத்தையும் விட்டுவிட்டால் இன்னும் இரகசியமாக இருக்குமே என்று ஒருவர் கேட்டாராம். அது கூடாது. உரியவரிடம் சேராத பொதியில் திருப்பியனுப்ப விலாசம் இல்லையென்றால், திறந்து பார்த்துத்தான் யாருடையது என்று கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது பெறுபவரின் பெயர். திருமதி என்று போட்டுக் கணவரின் பெயரை எழுதுவது எங்கள் வழக்கம். அப்படி எழுதிய உறையை வீட்டில் யாரும் பிரிக்கலாம். பெண்ணின் சொந்தப் பெயரை, அடையாள அட்டையில் உள்ளபடி எழுத வேண்டும். பதிவுத் தபாலைத் தபாலகத்தில் போய் எடுக்க நேர்ந்தால் அந்தப் பெயர்தான் உதவும். கட்டளை எடுக்கும்போதே எந்த விலாசத்துக்கு அனுப்புவது, வீட்டுக்கா வேலைத்தலத்துக்கா, வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டு விடுகிறாள். ஒரு ஆசிரியை தன் தங்கையின் வீட்டுக்கு அனுப்பச் சொன்னாராம்.

விலாசத்தை அச்சடிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டில் பிரிண்டர் இல்லாதவர்கள் பெயர்ப்பட்டியலைப் பென் டிரைவில் போட்டுச் சந்தியிலுள்ள கொமினிக்கேசனுக்குக் கொண்டுபோவார்கள். கடைக்காரர் அதைத் தன் கணினியில் பிரதிசெய்து அச்சடிப்பார். நீங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் பட்டியல் அங்கேயே கிடக்கும். என் தோழியின் பட்டியலில் இருப்பவை வெறும் விலாசங்கள் அல்ல. இந்தப் பெண்ணுக்கு இந்த நோய் என்ற செய்தியும் கூடவே இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையாகவே வைத்திருக்கிறது. மாதம் இருபது, முப்பது பொதி அனுப்புபவருக்கு நான் சொல்வது, கையால் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனை போதும். எங்கள் ரீச்சர்மார் அடித்துப் பழக்கிய கையெழுத்து இருக்கிறது அல்லவா, அதைப் பாவிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

தொகை கூடிப் பிரிண்டர் வாங்குவதென்றால் லேசர் வாங்குங்கள். சாதாரண இங்ஜெட் மை கார்த்திகை மழையில் ஒரு துளி பட்டாலும் கலங்கிவிடும். ஆனால் லேசர் மைத்தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைப்பது. கண்ணாடித்தாள் சாளரம் உள்ள உறைகளை, அந்தச் சூட்டைத் தாங்கும் என்று எழுதியிருந்தாலொழிய, அதில் விடாதீர்கள். ஒட்டுப்பசை உள்ள மடல்களும் ஒட்டிக்கொள்ளக் கூடும். முதலில் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

எக்செல்லில் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெயர்களை அகரவரிசைப்படுத்தும்போது பெயர் நிரலை மட்டும் தெரிவுசெய்து வரிசைப்படுத்தினால் விலாசங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். கமலாவின் பெயர் விமலாவின் வீட்டுக்குப் போகும். வேறு வியாபாரத்தில் அது ஒரு சேலை மாறிப்போன கதை. இங்கே ஒரு பெண்ணின் நோய் இன்னொரு வீட்டில் திறக்கப்படும். ஒட்டுவதற்கு முன் கட்டளைத் தாளை ஒருவர் வாசிக்க, உறையை இன்னொருவர் பார்ப்பது நல்லது. தோழியின் வீட்டில் வாசிப்பது அவளுடைய அம்மா.

வெளிநாட்டுக்குப் போகும் சிறுபொதியில் சுங்கத்துக்கான சீஎன்22 படிவம் ஒட்ட வேண்டும். உள்ளே என்ன என்று வெளியிலேயே எழுத வேண்டிய இடம் அது. பொய் எழுத முடியாது. பருத்தித் துணித் திண்டு, பருத்தி உள்ளாடை என்று எழுதினால் உண்மையும் ஆகும், வேறெதையும் சொல்லவும் மாட்டாது. கனடா விலாசம் எழுதுபவர்கள் கவனியுங்கள்: அந்நாட்டுத் தபாற்குறியீட்டில் டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ என்ற ஆறு எழுத்துகளும் வருவதே இல்லை. ஓ மாதிரித் தெரிந்தால் அது பூச்சியம்தான். ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்துக்கும் குறியீடு ஊர்ப் பெயருக்கு முன்னால் வரும். நாட்டின் பெயர் கடைசி வரியில், ஆங்கிலத்தில்.

இந்த மலரை ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் வாசிக்கப் போகும் சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள சித்திக்கோ மாமிக்கோ இவற்றை அன்பளிப்பாக அனுப்பச் சொல்லிப் பணம் கட்டுகிறீர்கள். மிக நல்லது. அதற்கு முன் அவருக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்து, எங்கே, எந்தப் பெயருக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்குக் குறியீடு 40000, மட்டக்களப்புக்கு 30000, கண்டிக்கு 20000. வாழ்த்து அட்டை வைக்க விரும்பினால் தோழி அதை உள்ளுறையில் வைத்து அனுப்புவாள்.

மாதிரி உறைகள் சில வெளியில் மேசையில் இருக்கின்றன. தொட்டுப் பார்த்து, வேண்டியதை எடுத்துச் செல்லுங்கள்.