பெட்டியடியும் வகுப்பறையும்

கல்லூரிகளில் வணிக மேலாண்மைக் கல்வி பற்றிய இக்கருத்தரங்குக்குத் தலைமையேற்க அழைத்த அமைப்பாளர்களுக்கு என் நன்றி.

சில ஆண்டுகளுக்கு முன் பி.பி.ஏ. இறுதியாண்டு மாணவி ஒருவர் திட்ட அறிக்கை கொண்டுவந்தார். ஒரு பன்னாட்டுக் குளிர்பான நிறுவனத்தைப் பற்றியது. எல்லாம் இணையத்தில் எடுத்தது. “வீட்டில் என்னம்மா தொழில்?” என்றேன். “அம்மா இட்லிக் கடை வச்சிருக்காங்க சார்” என்றார், தயங்கியபடி. அந்தக் கடையின் கணக்கை எழுதிவரச் சொன்னேன். பதினைந்து நாளில் வந்த நோட்டில் அரிசி, உளுந்து, கேஸ், வாடகை எல்லாம் இருந்தன. நாளுக்கு எழுநூறு ரூபாய் லாபம் என்று முடித்திருந்தார். “விடியற்காலை நாலு மணியிலிருந்து அம்மா அடுப்படியில் நிற்கிறாரே, அவருக்குக் கூலி எங்கே?” என்று கேட்டேன். கூலியைக் கழித்தால் கையில் நூறு ரூபாய்கூட மிஞ்சவில்லை. பாடநூலில் ஒரு பத்தியாகக் கிடந்த வாய்ப்புச் செலவு அன்றுதான் அவருக்கு விளங்கியது.

கடையில் கற்பது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளில் சிறுவன் பெட்டியடிப் பையனாக, அதாவது கணக்குப் பெட்டியருகே எடுபிடியாகச் சேர்வான், அடுத்தாள் ஆவான், தேர்ந்தபின் மேலாளாகப் பொறுப்பேற்பான். பேரேடும் ஐந்தொகையும் அவனுக்குக் கைப்பழக்கம். ஆனால் அந்தக் கல்வி ஒரு சமூகத்துக்குள்ளேயே நின்றது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவைத் திறந்தது கல்லூரிதான். அது பெரிய சாதனை. திறந்த வேகத்தில் கடையை வெளியே விட்டுவிட்டோம் என்பதுதான் என் கவலை.

கடையை வகுப்புக்குள் கொண்டுவர வழி இல்லாமல் இல்லை. 1961இல் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் தொடங்கப்பட்டபோது அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி துணைநின்றது. நடந்த தொழில் ஒன்றை வகுப்பில் வைத்து விவாதிக்கும் முறையும் அவ்வழியே வந்தது. அதே ஹார்வர்டு, 1976இல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை 1993இல் பாடமாக எழுதியது. கட்டணம் செலுத்துவோரிடமிருந்து வரும் வருவாயிலேயே ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தரும் ஏற்பாட்டை உலகமே படிக்கிறது. கடல் கடந்து வந்தவர்கள் எழுதியதைப் பக்கத்து ஊரில் இருக்கும் நாம் எழுத முடியாதா?

இந்த அவையின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வொரு துறையும் ஆண்டுக்கு ஓர் உள்ளூர்த் தொழிலை, உரியவர் இசைவோடு, தமிழில் பாடமாக எழுதட்டும். பின்னலாடைப் பட்டறையோ, அரிசி ஆலையோ, மூடிப்போன மளிகைக் கடையோ, எதுவாயினும் சரி. நொடித்த தொழிலும் பாடம்தான்.

அந்த மாணவி திருத்தி எழுதிவந்த நோட்டில் “அம்மா கூலி” என்று தனியே ஒரு வரி இருந்தது. அந்த வரியை எழுதத் தெரிந்த பட்டதாரிகளை உருவாக்குவோம் என்று கூறி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.