ஒரே காய்ச்சல், ஒவ்வொரு உடம்பு



ஒரே வீடு. ஒரே சோறு, ஒரே தண்ணீர். வீட்டுக்குள் வந்த காய்ச்சலும் ஒன்றுதான். மூத்தவன் மூணு நாளில் எழுந்து விளையாடப் போகிறான். இளையவனை மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. ஏன் இப்படி?

"கண்ணு பட்டிருச்சு" என்பார் ஒருவர். "தாய்ப்பால் சரியில்லை" என்பார் இன்னொருவர். "மருமகள் கால் வெச்ச நேரம்" என்று சொல்பவர்களும் உண்டு. இந்த மூன்றும் காரணம் அல்ல. ஒரு முக்கியமான காரணம் பிறவியிலேயே அமைகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக்காரரைக் கேளுங்கள். ஒரே மரத்துப் பழத்தின் கொட்டைகளை ஊன்றினாலும் ஒரு கன்றைப் போல இன்னொன்று காய்க்காது. அதனால்தான் அவர் ஒட்டுக்கன்று வாங்கி நடுகிறார். பிள்ளைகளும் அப்படித்தான். தகப்பனிடமிருந்து பாதி, தாயிடமிருந்து பாதி என மரபணுக்கள் சேர்ந்து குழந்தை உருவாகிறது. எந்தப் பாதி வரும் என்பது ஒவ்வொரு பிள்ளைக்கும் மாறும். நிறம், உயரம் மாறுவது போலவே நோயை எதிர்க்கும் சக்தியும் மாறுகிறது.

அந்தச் சக்தி எப்படி வேலை செய்கிறது? சிப்காட் கம்பெனியில் தீப்பிடித்தால் சங்கு ஊதுகிறார்கள், இல்லையா? வைரஸ் கிருமி நுழைந்த உயிரணுவும் அதுபோல ஒரு சங்கு ஊதுகிறது. அதற்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். 1957-இல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இரு விஞ்ஞானிகள் லண்டனில் இதைக் கண்டறிந்தார்கள். இந்தச் சங்கு கேட்டதும் பக்கத்து உயிரணுக்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே இந்தச் சங்கு மெதுவாக ஊதும், அல்லது ஊதவே ஊதாது. வெளிப் பார்வைக்கு அவர் கட்டுமஸ்தான ஆளாக இருப்பார். கிருமி வந்தால்தான் குறை தெரியும்.

கொரோனா வந்த 2020-இல் இது நன்றாகத் தெரிந்தது. கடுமையான கொரோனா நிமோனியா கண்ட 659 பேரைப் பல நாட்டு மருத்துவர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். அவர்களில் 23 பேருக்கு இன்டர்ஃபெரான் சம்பந்தப்பட்ட மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தது. அதே ஆண்டில் செபர்க், பாபோ என்ற இருவர் இன்னொன்றைக் கண்டார்கள். கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டு, நியாண்டர்தால் என்ற ஆதிமனிதர் வழியாக வந்தது. ஐரோப்பாவில் நூற்றுக்குச் சுமார் 16 பேரிடமும், நம் தெற்காசியாவில் நூற்றுக்குச் சுமார் 50 பேரிடமும் அது இருக்கிறது. பயப்பட வேண்டாம்! அந்தத் துண்டு இருந்தவர்களிலும் பெரும்பாலோர் பிழைத்தார்கள். முதுமை அதைவிடப் பெரிய ஆபத்தாக இருந்தது. தடுப்பூசி பலரைக் காத்தது. டெங்குவிலும் இப்படித்தான். கடுமையான டெங்கு கண்ட குழந்தைகளை ஆராய்ந்து, அதற்குத் துணைபோகும் இரண்டு மரபணு வேறுபாடுகளை 2011-இல் வியட்நாமில் கண்டார்கள்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். தமிழ், தெலுங்கு, கன்னடம் எது பேசினாலும், அக்காள் மகளைக் கட்டுவதும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் மணமான பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால், மரபணுக்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஒரே முன்னோர் வழியாக இருவருக்கும் வந்தது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு.

குறையுள்ள மரபணு ஒருவரிடம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. நல்லதாக இருக்கும் மறுபாதி தாங்கிக்கொள்ளும். ஒரே குறை கணவன், மனைவி இருவரிடமும் மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு அது குழந்தைக்கு இரட்டையாகச் சேர வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கட்டியவர்களின் குழந்தைகளில் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அபாயம் கூடுதல். ஆகவே அடுத்த தலைமுறைக்குச் சம்பந்தம் பேசும்போது சொந்தத்தைத் தவிர்ப்பது நல்லது. ஏற்கெனவே சொந்தத்தில் மணந்தவர்கள் கலங்க வேண்டாம். கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடியுங்கள்.

ஒன்று: வீட்டில் கைக்குழந்தை ஏதேனும் நோய்த்தொற்றில் இறந்திருந்தாலும், தாயின் உடன்பிறந்த ஆண்குழந்தைகள் சிறு வயதில் இறந்திருந்தாலும், அடுத்த குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ரோட்டா, தட்டம்மை-ரூபெல்லா ஆகியவை உயிருள்ள, வலுவிழந்த கிருமியால் ஆனவை. பிறவி எதிர்ப்புக் குறை உள்ள குழந்தைக்கு மட்டும் இவற்றை யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். மற்ற எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு தவணையும் தவறக் கூடாது.

இரண்டு: அடிக்கடி நிமோனியா, ஓயாத வயிற்றுப்போக்கு, ஆறாத வாய்ப்புண், எடை ஏறாமை. இவை சேர்ந்து வந்தால் "சவலைப் பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

மூன்று: பிரசவத்துக்கு ஆனேக்கல், மாலூர் என்று கர்நாடகத்துத் தாய்வீடு போகும் பெண்கள் தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள், திரும்பும்போது மறக்காமல் கொண்டுவாருங்கள். எந்த ஊசி எங்கே போட்டது என்பது அட்டையில்தான் இருக்கிறது.

நாலு: டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு இவற்றில் எதைக் கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். "பெரியவனுக்குத் தானாச் சரியாச்சே" என்று சின்னவனுக்குக் காத்திருக்காதீர்கள்.

கடைசியாகக் கணவன்மார்களுக்கும் மாமியார்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை நோயில் விழுந்தால் பெற்றவளைக் குற்றம் சொல்லாதீர்கள். எந்த மரபணுவையும் அவள் தேடிப் போய் வாங்கவில்லை. அவளுக்கும் அவள் முன்னோர் தந்ததுதான். பழி சொல்லுவோமே என்று பயந்து, முன்பு குழந்தை இறந்ததை அவள் டாக்டரிடம் மறைத்தால், ஆபத்து அடுத்த குழந்தைக்குத்தான். அவளைத் தைரியமாகப் பேச விடுங்கள். நீங்களும் கூடப் போங்கள்.