மரை கழன்ற கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "வாழ்க்கையில் ஜெயிப்பது எப்படின்னு பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். ஓசூரில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் நான். ஜெயித்த கதை சொல்ல இங்கே என்னைவிடப் பெரியவர்கள் இருக்கிறார்கள். என் கையில் இருப்பது ஒரு தோற்ற கதை. ஒரு காரின் பிளைவீல் போல்ட் மூன்று தடவை கழன்ற கதை. "இவனுக்கு மரை கழன்றுவிட்டது" என்று ஊரில் சொல்வார்களே, அந்த மரை யாருக்குக் கழன்றது என்பதைக் கடைசியில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

2018-இல் என் வகுப்புத் தோழன் ஒருவன் பழைய 1.5 லிட்டர் பெட்ரோல் கார் வாங்கினான். கையால் கியர் போடும் வண்டி, நல்ல வேகக்காரி. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். மாருதி 800 எஞ்சினைப் போட்டு நம் நாட்டிலேயே ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் 2003-இல் திறக்கப்பட்ட 2.1 கிலோமீட்டர் ஓடுதளம் அது. அங்கே ஓட்ட வேண்டும் என்பது தோழனின் ஆசை.

ஆசைக்கு எண்ணெய் ஊற்றியவன் அடியேன். "பிளைவீல் எடையைக் குறைச்சா எஞ்சின் சட்டுனு சுத்தும்டா" என்றேன். நானே படம் வரைந்தேன். சேலத்தில் ஒரு லேத் பட்டறையில் எட்டரை கிலோ சக்கரத்தை ஐந்து கிலோவாகக் கடைந்து வாங்கினோம். நல்லம்பள்ளி மெயின் ரோட்டில் ஒரு ஷெட்டில் மாட்டினோம். மாட்டியவர் அங்கே வேலை செய்த ஒரு தம்பி. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் கை சுத்தம்.

முதல் தடவை கோவைக்குக் கிளம்பியபோதே சத்தம் வந்தது. தொப்பூர் கணவாயில் இறங்கும்போது நியூட்ரல் போடக்கூடாது என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்கப் போய் பிரேக் சூடேறிக் கவிழ்ந்த லாரிகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! ஆகவே மூன்றாவது கியரில் இறங்கினோம். ஆக்சிலேட்டரில் இருந்து கால் எடுத்தால் 'டொக்', மறுபடி மிதித்தால் 'டொக்'. அப்படியே மெல்லத் திரும்பி வந்துவிட்டோம்.

ஷெட்டில் பார்த்த நாலு பேரும் "பிக்எண்ட் பேரிங் போச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். தம்பி மட்டும் வண்டியை ஐடிலில் விட்டுக் கிளட்சை அமுக்கச் சொன்னார். அமுக்கியதும் சத்தம் அடங்கியது, விட்டதும் வந்தது. "பேரிங்கா இருந்தா கிளட்ச்சுக்கு ஏண்ணா அடங்கணும்?" என்றார். கியர்பாக்ஸை இறக்கினால், ஆறு போல்ட்டில் நாலு விரலால் சுற்ற வருகிறது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு சோதனை எஞ்சின் பிரிக்கும் செலவை மிச்சப்படுத்தியது.

துடைத்து, அதே போல்ட்டை டார்க் ரெஞ்சால் முடுக்கினோம். ஒரு மாதத்தில் மறுபடி 'டொக்'.

இரண்டாவது தடவை புது போல்ட் வாங்கினேன். மரையில் பூசும் லாக் பசையும் வாங்கினேன். அதுவும் ஆறு வாரம்தான். அப்போதுதான் நான் இன்றைக்கும் வெட்கப்படுகிற காரியத்தைச் செய்தேன். ஷெட்டில் எல்லோர் முன்னாலும் அந்தத் தம்பியைப் பார்த்து, "நீ ஒழுங்கா டைட் பண்ணலை" என்றேன். "ஆறு போல்ட்டுக்கும் ரெஞ்ச் 'டிக்'னு சொல்லிச்சுண்ணா" என்றார். "ரெஞ்ச் பொய் சொல்லாது, நீதான் சொல்றே" என்றேன். பட்டதாரி பேசினால் எடுபடாமல் போகுமா? ஷெட் முதலாளி அவருக்கு ஒரு வாரக் கூலியைப் பிடித்துவிட்டார்.

மூன்றாவது தடவை நானே நின்று, நானே ரெஞ்ச் பிடித்து முடுக்கினேன். கோவை ஓடுதளத்தில் நாலாவது சுற்றிலேயே பெரிய சத்தம். தோழன் உடனே எஞ்சினை அணைத்தான். பிரித்தால் இரண்டு போல்ட்டின் தலையே இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கிலோ, 26 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் அதில் ஏறக்குறைய 8300 ஜூல் சக்தி இருக்கும். 85 கிலோ மனிதர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையில் வந்து சேரும் சக்தி அது. அந்தச் சக்கரம் சுற்றுவது ஓட்டுகிறவரின் காலுக்குச் சற்று முன்னால். நடுவில் ஒரு மெல்லிய அலுமினிய உறை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலி பிடிக்கப்பட்ட அதே தம்பி வந்து ஒன்றைக் கையில் எடுத்தார். "அண்ணா, மரை முடியுற இடத்தைப் பாருங்க. எல்லா போல்ட்லயும் அங்க மட்டும் நசுங்கிப் பளபளன்னு இருக்கு" என்றார்.

வெர்னியரை எடுத்தேன். போல்ட் தலைக்குக் கீழே மரை இல்லாத பகுதியும் மரை அரைகுறையாக முடிகிற பகுதியும் சேர்த்து ஒன்பதரை மில்லிமீட்டர். பிளைவீலின் நடுப்பகுதி கம்பெனியிலிருந்து வரும்போது பத்து மில்லிமீட்டர் கனம். என் படத்தில், எடை குறைப்பதற்காகப் போல்ட் உட்காரும் முகத்திலும் ஒன்றரை மில்லிமீட்டர் கடையச் சொல்லியிருந்தேன். மிச்சம் எட்டரை. கிராங்க் ஓட்டையின் வாயில் சரிவு ஒரு மில்லிமீட்டர். கூட்டினால் ஒன்பதரை. அதாவது, போல்ட் தலை சக்கரத்தைத் தொடுகிற அதே நேரத்தில் அரைகுறை மரை கிராங்கில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. ரெஞ்ச் 'டிக்' என்றது நிஜம். ஆனால் அது சிக்கலுக்குச் சொன்ன 'டிக்'. சக்கரம் இறுகவே இல்லை.

இதில் பாடம் என்ன? பிளைவீலைப் பிடித்துக்கொண்டிருப்பது போல்ட்டின் தண்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் போல்ட் ஒரு ஸ்பிரிங். முடுக்கும்போது அது இம்மியளவு நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் சக்கரத்தைக் கிராங்கோடு அழுத்துகிறது. அழுத்தத்தால் வரும் உராய்வுதான் எஞ்சினின் முறுக்கைக் கடத்துகிறது. 10 மில்லிமீட்டர் போல்ட்டை 70 நியூட்டன் மீட்டர் முடுக்கினால் சுமார் மூன்றரை டன் இழுவிசை. ஆறுக்கு 21 டன். போல்ட் வட்டம் 60 மில்லிமீட்டர் என்றால், உராய்வு மட்டுமே 900 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்கும். எங்கள் எஞ்சினின் முறுக்கு 130-தான். ஆனால் நாலு சிலிண்டர் எஞ்சின் 6000 சுற்றில் நொடிக்கு 200 உதை கொடுக்கிறது. ஒவ்வொரு உதையின் உச்சமும் சராசரியைப் போலப் பல மடங்கு. கால் எடுத்தால் திசையே மாறுகிறது. தொப்பூர் இறக்கத்தில் 'டொக்' வந்தது அதனால்தான்.

அழுத்தம் போதாவிட்டால் முகங்கள் பக்கவாட்டில் மயிரிழை வழுக்கும். வழுக்க ஆரம்பித்தால் போல்ட் தானாகத் திரும்பும். ஜெர்மானியப் பொறியாளர் ஜுங்கர் 1969-இலேயே சோதனை செய்து காட்டிய உண்மை இது. நாம் அதைத் தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம், மறந்தோம்.

ஆக, என்ன செய்தோம்? கடைந்த சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டோம். கம்பெனி அளவிலேயே புது பிளைவீல். கிராங்க் முகத்தில் செந்தூரம் மாதிரி படிந்திருந்த உராய்வுத் தூளைத் துடைத்து, பிசிறு எடுத்து, டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்த்தோம். ஓட்டைகள் நீள்வட்டமாகவில்லை. ஆகியிருந்தால் கிராங்கையே மாற்ற வேண்டியிருக்கும். இடம் காட்டும் டவல் பின்னைப் புதிதாகப் போட்டோம். போல்ட் ஓட்டைகள் எஞ்சின் உள்ளே வரை போகிறவை. மரை வழியே ஆயில் கசியும், ஆயில் பட்டால் லாக் பசை சரியாகப் பிடிக்காது. அதனால் மரைகளை ஆயில் போகக் கழுவிக் காயவைத்து, பிறகே பசை பூசினோம். புது போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று தவணையில் முடுக்கினோம். எல்லாவற்றுக்கும் முன்னால், பிளைவீல் இல்லாமல் வெறும் போல்ட்டைக் கையால் கிராங்கில் ஏற்றி, எவ்வளவு தூரம் தடையில்லாமல் போகிறது என்று அளந்தோம். இரண்டு நிமிட வேலை. அதை முதல் நாளே செய்திருந்தால் இந்த உரையே இல்லை.

அதன் பிறகு அந்த வண்டி ஓடுதளத்திலும் ஓடியது, தொப்பூரிலும் ஏறி இறங்கியது. இரண்டு வருடம் கழித்துக் கிளட்ச் மாற்றப் பிரித்தபோது ஆறு போல்ட்டும் அசையாமல் இருந்தன. நீளக் கம்பி போட்டுத்தான் கழற்ற முடிந்தது.

கழலாமல் நின்ற இன்னொன்றும் உண்டு. எந்த ஷெட்டில் பழி போட்டேனோ அதே ஷெட்டில், அதே ஆட்கள் முன்னால், "தப்பு என் படத்தில், இவர் கையில் இல்லை" என்று சொன்னேன். பிடித்த கூலியை என் பையிலிருந்து கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "விடுங்கண்ணா, வண்டி ரெடியாச்சுல்ல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அன்னிக்கு வீட்ல சொல்ல முடியலண்ணா" என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் போதும். அதற்கு என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை.

மாணவச் செல்வங்களே, நாளை நீங்கள் படம் வரைவீர்கள், வேறொருவர் ஸ்பேனர் பிடிப்பார். ஒன்று கழன்றால் "யார் முடுக்கியது?" என்று கேட்பது சுலபம். "யார் வரைந்தது?" என்றும் ஒரு தடவை கேளுங்கள். அதே போல்ட் இரண்டாவது முறை கழன்றால் ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு வெர்னியரை எடுங்கள். ஸ்பேனர் பிடித்தவர் ஏதாவது சொன்னால், அவர் எத்தனாவது படித்தவர் என்று பார்க்காமல் காது கொடுங்கள்.