சர்க்கரைபோல் உடைத்த மருந்து

(நாரணாபுரம் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



 பீரங்கி ஆய்வில் என்னைவிட மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கும்போது தலைமை உரை ஆற்ற எழுவது மனத்தைப் படபடக்க வைக்கிறது. பட்டாசு மருந்தோடு வாழும் நாரணாபுரத்தில் வந்து வெடிமருந்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்பதால் அந்தப் படபடப்பு இன்னும் கூடுகிறது. தவறாக ஒரு சொல் சொன்னால் திருத்துவதற்கு இந்த அரங்கில் நூறு பேர் இருக்கிறார்கள்.

களப் பீரங்கியின் கட்டமைப்பும் இயக்கமும் என்பது நமக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. அதன் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்ததே. வெண்கல வார்ப்பா, இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி இணைத்த குழலா என்ற வேறுபாடு. குழலை வண்டியில் தாங்கும் பக்கவாட்டு முளைகள். திடமாக வார்த்துப் பிறகு துளையிடும் முறையைப் பீரங்கி வார்ப்பாளர் மாரிட்ஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. அதனால் குண்டுக்கும் குழலுக்கும் நடுவில் விடும் இடைவெளி குறைந்தது. இவற்றையெல்லாம் இரண்டாம் அமர்வின் கட்டுரைகள் என்னைவிட நன்றாகச் சொல்லும். தஞ்சை கீழவாசல் பீரங்கி மேட்டில் இருக்கும் இராசகோபால பீரங்கியைப் பற்றியும் ஒரு கட்டுரை இருக்கிறது. இரகுநாத நாயக்கர் காலத்தது. ஏறத்தாழ 25 அடி நீளம், 20 டன்னுக்கு மேல் எடை. அது உருக்கி வார்த்ததல்ல, பட்டைகளும் வளையங்களுமாக அடித்து இணைத்தது என்பதைப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் விளக்கி எழுதியிருக்கிறார்.

இங்கேதான் என் குறை தொடங்குகிறது. தமிழில் பீரங்கி பற்றி எழுதிய நாம் பெரும்பாலும் குழலைப் பற்றியே எழுதியிருக்கிறோம். நீளம், வாய் அகலம், எடை, மேலே வெட்டிய எழுத்து. குழல் மேட்டில் நிலைத்திருக்கிறது, அளக்கலாம். மருந்து எரிந்து போய்விட்டது, எனவே அதை விட்டுவிட்டோம். இரகுநாத நாயக்கர் ஆட்சி முடிவதற்குள், 1620களில், ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் மூன்று பவுண்டு குண்டு போடும் சிறு பீரங்கியைப் போர்க்களத்தில் காலாட்படையோடு நகர்த்தினார். ஒரு குதிரை இழுக்கும், அவசரத்தில் ஆட்களே தள்ளுவார்கள். ஒரே தலைமுறையில் ஒரு பக்கம் நகராத இருபது டன், மறுபக்கம் நான்கு பேர் தள்ளும் சிறு குழல். இந்த வேறுபாட்டைக் குழலை மட்டும் அளந்து விளக்க முடியாது. சிறிய குழலிலிருந்து பயனுள்ள வேகத்தை எடுக்க வேண்டுமானால் மருந்து நன்றாக இருக்க வேண்டும். நன்றாக என்றால், விகிதம் சரியாக இருப்பது மட்டும் போதாது. அது மணியாக இருக்க வேண்டும்.

இந்த ஊரில் மணி மருந்து என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. அரங்கில் இருக்கும் வரலாற்றாசிரியர்களுக்காகச் சொல்கிறேன். மாவாக இடித்த மருந்தைக் குழலில் போட்டுக் கெட்டித்தால் தீ உள்ளே ஊடுருவ வழி இருக்காது. முன்பகுதி எரிந்து பின்பகுதி தாமதிக்கும். மாட்டு வண்டியில் நாள்கணக்காகக் குலுங்கிய மாவு மருந்தில் வெடியுப்பும் கந்தகமும் கரியும் பிரிந்து அடுக்காகப் படியும் என்பது பழைய பீரங்கியர்களின் நிலையான புகார். ஈரத்தையும் அது விரைவில் வாங்கும். ஈரப்படுத்தி, கட்டியாக்கி, உலர்த்தி, மணியாக உடைத்தால் மணிகளுக்கு நடுவே தீ ஓடும். ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த முறை பரவியது. களப் பீரங்கி என்ற கருவியே அதன் பின்தான் பொருள்பட்டது என்பது என் கருத்து.

மணி மருந்து நம்மிடம் இருந்ததா என்று கேட்டால், சுக்கிரநீதி என்ற வடமொழி நூல் பற்றிய பழைய வழக்கை இந்த மேடையில் எடுக்காமல் என்னால் உட்கார முடியாது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராக இருந்த குஸ்தாவ் ஓப்பெர்ட் 1880இல் பண்டைய இந்தியரின் ஆயுதங்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1882இல் சுக்கிரநீதியைச் சென்னையிலேயே பதிப்பித்தார். அந்நூலில் வெடிமருந்துச் செய்முறை இருக்கிறது; எனவே இந்தியரிடம் மிகத் தொன்மையில் துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தன என்பது அவர் வாதம். 1962இல் வரலாற்றாசிரியர் லல்லன்ஜி கோபால், சுக்கிரநீதியே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைப்பு என்று விரிவாக எழுதினார். அன்று முதல் நம் கருத்தரங்குகளில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி ஓப்பெர்ட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்கிறது. மறு கட்சி, நூல் பிற்காலத்தது, ஆகவே குப்பையில் போடலாம் என்கிறது. இரண்டாம் கட்சியில் நான் மதிக்கும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். தேதி விஷயத்தில் அவர்கள் பக்கம்தான் நான். ஓப்பெர்ட்டின் தொன்மை வாதம் நிற்காது. ஆனால் பிற்கால நூல் என்பதால் பயனற்ற நூல் என்ற முடிவை நான் ஒருபோதும் ஏற்றதில்லை. அன்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அந்தச் செய்முறையை முழுமையாகப் படியுங்கள். வெடியுப்பு ஐந்து பங்கு, கந்தகம் ஒரு பங்கு, கரி ஒரு பங்கு என்ற இடத்தோடு எல்லோரும் நிறுத்திவிடுகிறோம். நூற்றுக்குக் கணக்கிட்டால் உப்பு ஏறத்தாழ 71; பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் நிலைப்படுத்திய 75:15:10 (உப்பு, கரி, கந்தகம்) விகிதத்துக்கு அருகே வருகிறது. எனவே கடன் வாங்கியது என்கிறார்கள் ஒரு சாரார். விகிதம் அருகே வருவதில் வியப்பில்லை. நன்றாக எரியும் மருந்தைத் தேடிப் போகிறவர்கள் எங்கிருந்து புறப்பட்டாலும் அந்த வட்டாரத்துக்கே வந்து சேருவார்கள். அதற்கு அடுத்த பகுதிதான் நமக்கு வேண்டியது. புகை வெளியேறாமல் சுட்ட எருக்கங்கரியும் கள்ளிக்கரியும் எடுக்கச் சொல்கிறது. தூய்மை செய்து, பொடித்து, கலக்கச் சொல்கிறது. பிறகு எருக்கு, கள்ளி, பூண்டு இவற்றின் சாற்றில் நனைத்து, வெயிலில் உலர்த்தி, சர்க்கரைபோல் உடைக்கச் சொல்கிறது.

சர்க்கரைபோல் என்றால் மாவுபோல் என்றும் கொள்ளலாமே என்று ஒரு மறுப்பு உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். மூன்றையும் ஏற்கனவே பொடித்தாகிவிட்டது. மாவுதான் வேண்டுமென்றால் அதை நனைத்துக் காயவைத்து இரண்டாவது முறை உடைக்க எதற்காக மெனக்கெட வேண்டும்? வெயிலில் காய்ந்த கலவையை மறுபடி உடைப்பது எவ்வளவு ஆபத்தான வேலை என்று இந்த ஊர்க்காரர்களைக் கேளுங்கள். காரணமில்லாமல் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். மணி வேண்டும் என்பதே அந்தக் காரணம். ஐரோப்பியக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்தது என்றால் எருக்கஞ்சாறும் பூண்டும் எங்கிருந்து வந்தன? துப்பாக்கிக்கு உப்பு நான்கு பங்கோ ஆறு பங்கோ என்று நூலே இடம் கொடுக்கிறது. பட்டறைக்குப் பட்டறை மாறிய வழக்கத்தைக் கண்டவர் எழுத்து அது. நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றால், இந்த நாட்டில் மருந்து கட்டியவர்கள் இன்னும் தொழில் செய்துகொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது என்று பொருள். பண்டைக்காலச் சான்றாக அது விழுந்துவிட்டது. பட்டறைச் சான்றாக அது நம் கையில் இருப்பவற்றிலேயே நெருக்கமான ஒன்று.

பீரங்கியை இயக்குவதைப் பற்றியும் சிறிது. ஆறு பவுண்டுக் களப் பீரங்கியைச் சுற்றி நின்றவர்களில் நான் மிகவும் நினைப்பது பின்பக்கத் தீத்துளையைக் கட்டைவிரலால் அடைத்து நின்றவரை. ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி சுற்றிய கோலைக் குழலுக்குள் விட்டுத் துடைப்பார்கள். அடுத்த மருந்துப்பையைத் திணிப்பார்கள். அந்த நேரம் முழுவதும் தோலுறை மாட்டிய விரல் துளையை மூடியிருக்க வேண்டும். விரல் நழுவினால் காற்று புகுந்து உள்ளே கிடக்கும் தீப்பொறியை ஊதிவிடும். திணித்துக்கொண்டிருப்பவரின் கை போகும், உயிரும் போகும். இந்த ஒழுங்கைக் காத்துக்கொண்டே நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நெடுங்காலம் இந்தியரைப் பீரங்கிக் கலைக்குள் விடத் தயங்கியது. இழுக்கவும் தள்ளவும் லஸ்கர்கள் எனப்பட்ட உதவியாட்களை வைத்துக்கொண்டது. பீரங்கியை அவர்களையும் காளைகளையும் கொண்டு இழுத்தே தெற்கே கொண்டுவந்தார்கள். தீப்பொறி ஒன்று என்ன செய்யும் என்பதை 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் உறவுகளை இழந்த இந்த வட்டாரத்துக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் இந்த ஆய்வை இந்த மக்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தக் கூடாது என்கிறேன்.

மருந்துக்கே திரும்புகிறேன். மருந்தில் ஈரத்தின் பங்கை அளந்து எழுதியவர்களில் பெஞ்சமின் ராபின்ஸ் முக்கியமானவர். 1742இல் அவர் வெளியிட்ட பீரங்கியியல் நூலைக் கணித அறிஞர் ஆய்லர் உரையோடு ஜெர்மனில் கொண்டுவந்தார். அதே ராபின்ஸ் கம்பெனியின் பொறியாளராக நம் கரைக்கு வந்து, 1751இல் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். அறிவியல்பூர்வப் பீரங்கியியலின் முன்னோடி ஒருவர் தமிழ் மண்ணில் இறந்தார் என்ற செய்தி, நான் பார்த்தவரை, நம் பாடநூல்களில் ஒரு வரிகூடப் பெறவில்லை. இது சரிசெய்யப்பட வேண்டும்.

அவர் இறந்து நான்கே ஆண்டில், 1755இல், கம்பெனியின் கர்னல் ஹெரான் நம் பக்கத்து மாவட்டத்திலுள்ள நெற்கட்டும்செவலின் முன் வந்து நின்றார். அதன் பாளையக்காரர் புலித்தேவரிடம் திறை வாங்க முடியாமல் திரும்பினார். பெரிய பீரங்கி இல்லாததும் உணவுத் தட்டுப்பாடும் காரணம் என்று வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுத, கால்டுவெல் அதை எடுத்தாள, நாமும் அப்படியே சொல்லி வருகிறோம். மறுக்கவில்லை. மண் சுவர் சிறு குண்டை வாங்கி வைத்துக்கொள்ளும், கல்லைப்போல் சிதறாது. பாஞ்சாலங்குறிச்சியில் 1799 செப்டம்பர் 5இலும் 1801 மார்ச் 31இலும் கம்பெனியின் தாக்குதல் முறிந்ததை விளக்கும்போதும் இதையே சொல்கிறோம். ஆனால் இந்தப் படையெடுப்புகளைப் பற்றிய நம் கட்டுரைகளில் பீரங்கிகளின் எண்ணிக்கை இருக்கிறது, மருந்துப் பீப்பாய்களின் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு பீரங்கிக்கும் எத்தனை வெடிக்கு மருந்து இருந்தது, அது எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று கேட்காமல் தோல்விக்கும் வெற்றிக்கும் காரணம் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். சென்னை ஆவணக் காப்பகத்தின் இராணுவக் கோப்புகளில் மருந்துக் கணக்கைத் தேட இரண்டு மாணவர்களாவது முன்வர வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எருக்கங்கரியில் செய்த மருந்தை உரிமம் பெற்ற ஆய்வுக்கூடம் ஒன்றில், முறையான அனுமதியோடு, மாவாகவும் மணியாகவும் எரிவேகச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். விடை எனக்கு எதிராக வந்தால் சுக்கிரநீதி பற்றிய என் வாதத்தின் பாதி சரியும். அதை இதே மேடையில் ஏற்பேன். சோதனை செய்யாமல் தேதியை மட்டும் காட்டி மறுப்பதை ஏற்கமாட்டேன்.

முதல் அமர்வின் முதல் கட்டுரை, சுக்கிரநீதியைச் சான்றாகக் கொள்ளலாகாது என்று வாதிடுகிறது. அதை முழுதும் படித்துவிட்டேன். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன். உலர்த்திய பின் எதற்காக மறுபடி உடைத்தார்கள் என்பதற்கு அவர் விடை சொல்லித் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.