கொழும்பில் வி.வி. கிரி



வி.வி. கிரி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது 1969 குடியரசுத் தலைவர் தேர்தல். அந்தக் கதையை எல்லோரும் சொல்லியாயிற்று. 1947 முதல் 1951 வரை அவர் கொழும்பில் இந்திய ஹைகமிஷனராக இருந்ததைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன். வாழ்க்கைக் குறிப்புகள் பலவும் அதை ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. தாண்டக்கூடாத இடம் அது.

1894இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெர்ஹாம்பூரில் பிறந்தவர். 1913இல் சட்டம் படிக்க டப்ளின் போனார். அந்த நகரத்து முதலாளிகள் தொழிலாளர்களை மாதக்கணக்கில் கதவடைத்து வெளியே நிறுத்தியதும் அதே ஆண்டுதான். 1916 ஈஸ்டர் எழுச்சிக்குப் பிறகு அயர்லாந்தை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர் திரும்பியவர் ரயில்வே தொழிலாளர்களோடு சேர்ந்தார். கரக்பூர் பட்டறை ஆட்குறைப்பை எதிர்த்த போராட்டத்தை முன்னின்று நடத்தினார், அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரஸுக்கு (ஏ.ஐ.டி.யு.சி.) இரண்டு முறை தலைவரானார். 1937 தேர்தலில் பொப்பிலி ராஜாவைப் பொப்பிலியிலேயே தோற்கடித்து, ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரும் ஆனார்.

அவருடைய நம்பிக்கை ஒன்றுதான். முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் ஆள், அது சர்க்காராகவே இருந்தாலும், எட்டி நிற்க வேண்டும். சங்கம் பலமாக இருந்தால் இது நடக்கும். எதிரே இருப்பவருக்கு உங்கள் உழைப்பு வேண்டும், அதனால் பேசுவார்.

கொழும்பில் நிலைமை வேறு. 1946 கணக்கெடுப்பின்படி இலங்கையில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7,80,000 பேர். பெரும்பாலோர் தேயிலை, ரப்பர் தோட்டங்களில். 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்தது. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் அரசுக்கு அது உறுத்தியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் இந்திய பாகிஸ்தானியர் சட்டம், அதே ஆண்டில் வாக்குரிமையைப் பறித்த திருத்தம். அந்த அரசுக்கு அவர்களின் உழைப்பு வேண்டும், ஓட்டு வேண்டாம். கிரியின் பேரத்துக்கு இங்கே பிடி கிடைக்கவில்லை.

அந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிப்பவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டுகள், மணமாகாதவர் பத்து ஆண்டுகள், விடாமல் இலங்கையில் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் என்ன காகிதம் இருக்கும்? தோட்டப் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதிய பெயர் ஒரு மாதிரி, வீட்டில் கூப்பிடும் பெயர் வேறு மாதிரி. நடுவில் திருச்சிப் பக்கம் ஊருக்குப் போய் நீண்ட நாள் தங்கிவிட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. கடைசியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர்தான்.

சங்கத் தலைவராக இருந்திருந்தால் கிரி வேலைநிறுத்தம் அறிவித்திருப்பார். தூதருக்கு அந்த ஆயுதம் கிடையாது. யாருக்காகப் பேசினாரோ அவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் இல்லை. டெல்லிக்கும் ஒரு தர்மசங்கடம்: வெளிநாட்டு இந்தியர் அந்தந்த நாட்டுக் குடிமக்களாக வேண்டும் என்பது நேருவின் கொள்கை, ஆனால் அந்த நாடு ஏற்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்தக் கொள்கையில் விடை இல்லை. கிரியைக் குறைசொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் கொழும்பு அவருக்கு வெற்றி அல்ல. புகழுரைகளில் அதை மழுப்புவது அவருக்கே பிடித்திருக்காது.

ஏனென்றால் அவர் பதவியைப் பெரிதாக நினைத்தவர் அல்ல. 1952இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சரானார். வங்கி ஊழியர்களுக்குச் சாதகமான தீர்ப்பாய முடிவை 1954 ஆகஸ்டில் அரசே திருத்தியபோது ராஜினாமா செய்துவிட்டுப் போனார். வங்கிச் சங்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்வார்கள். இலங்கையின் தோட்டப் பகுதியான மலையகத்தில் அப்படிச் சொல்ல அவர் எதையும் விட்டுவரவில்லை.

1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அந்தத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்து சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் வீடுகளில் அந்த நாளைய மனுக்களும் மறுப்புக் கடிதங்களும் டிரங்குப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். இந்த அரங்கில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் அங்கே போய், அவர்கள் சம்மதத்தோடு அவற்றைப் படியெடுத்து, இந்தக் கல்லூரி நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் பயணச் செலவை ஏற்றால் அடுத்த ஆண்டே தொடங்கலாம்.